கொலராடோவின் வரவும் வெப்பத்தின் பற்றும்

1922-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 24-ஆம் தேதியன்று, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மேற்குப் பிரதேசத்திலுள்ள சான்டா ஃபே நகரத்தில், கொலராடோ நதிப்படுகையைச் சேர்ந்த ஏழு ராஜ்யங்களின் பிரதிநிதிகள், பின்னாளில் ஜனாதிபதியாக வந்தவரும் அப்போது வர்த்தக இலாகாவின் மந்திரியாக இருந்தவருமான ஹெர்பர்ட் ஹூவரின் தலைமையிலே கூடி, அந்த நதியின் நீரைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளும் ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார்கள். அரிசோனாவின் வட எல்லையருகே, செங்குத்தான மலைச்சுவர்களுக்கு நடுவே ஓடிவரும் ஆறு சற்றே வெளிப்பட்டு மனிதர் கரை இறங்குவதற்கு இடங்கொடுக்கும் லீ ஃபெரி என்னும் துறையை எல்லையாகக் கொண்டு, அதற்கு மேலேயுள்ள கொலராடோ, வயோமிங், யூட்டா, நியூ மெக்சிகோ ஆகிய நான்குக்கும் சேர்த்து ஆண்டொன்றுக்கு 75 லட்சம் ஏக்கர்-அடி என்றும், கீழேயுள்ள அரிசோனா, நெவாடா, கலிபோர்னியா ஆகிய மூன்றுக்கும் சேர்த்து அதே 75 லட்சம் ஏக்கர்-அடி என்றும் அவர்கள் எழுதினார்கள். நம் நாட்டில் வழங்கும் கணக்கிற் சொன்னால் பாகம் ஒன்றுக்கு ஏறக்குறைய 327 டி.எம்.சி. பின்னர் 1944-இல் மெக்சிகோவோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி அந்த நாட்டுக்கு உரிய 65 டி.எம்.சி.யும் இதனோடு சேர்ந்தது. ஆகவே, காகிதத்தின்படி அந்த நதி ஆண்டுதோறும் 719 டி.எம்.சி. கொடுத்தாக வேண்டும். ஆனால் 2000-ஆம் ஆண்டு முதல் 2021 வரையில், மனிதர் வழியிலே எடுத்துக்கொண்ட நீரையும் கூட்டித் திருத்திக் கணக்கிட்ட பிறகும், லீ ஃபெரியில் அதன் சராசரி வரத்து சுமார் 540 டி.எம்.சி.க்கு மேல் போகவில்லை.

நான்கு கோடி ஜனங்களுக்குக் குடிநீரும், இருபது லட்சம் ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்துக்குப் பாசனமும் அளிக்கிற ஒரு நதியின் ஏட்டுக்கணக்குக்கும் மெய்க்கணக்குக்கும் இவ்வளவு பெரிய வித்தியாசம் எப்படி நேர்ந்தது என்பதை ஆராயப் புகுந்தால், ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த இரண்டு காரணங்கள் தென்படுகின்றன. ஒன்று, குறுகிய கால அனுபவத்தை நிரந்தர நியதி என்று எண்ணிய பிழை. மற்றொன்று, மழை குறையாத வருஷத்திலும் ஆற்றைக் குறைக்க வல்லதாகிய உஷ்ணம். முதற்காரணத்தை மர வளையங்களைக் கொண்டு கண்டுபிடித்தார்கள். இரண்டாவது காரணம் நம் காலத்திலேயே நம் கண்ணெதிரே வளர்ந்துவருகிறது.

ஒப்பந்தம் எழுதியவர்களுக்குக் கிடைத்திருந்த அளவைகள் மிகச் சொற்பமானவை. லீ ஃபெரியில் நீரளவை நிலையம் ஏற்பட்டதே 1921-ஆம் ஆண்டில்தான். அதற்கு முந்திய வருஷங்களுக்கு, நெடுந்தூரம் கீழே, மெக்சிகோ எல்லையருகிலுள்ள யூமாவில் எடுத்த அளவுகளிலிருந்து ஊகித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இப்படி ஊகித்தறிந்த சராசரியை 164 லட்சம் ஏக்கர்-அடி, அதாவது சுமார் 714 டி.எம்.சி. என்று வைத்துக்கொண்டார்கள். காவிரியின் மொத்த வரத்தை நடுவர் மன்றம் 740 டி.எம்.சி. என்று கணித்ததை நினைவிற் கொள்ளும் தமிழ் வாசகர்களுக்கு, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கண்டப்பரப்பில் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்கு அளவுள்ள நிலத்தை வடிகாலாகக் கொண்ட அந்தப் பெரிய ஆறு, நீரின் மட்டில் நம்முடைய காவிரியைவிடப் பெரியதன்று என்பது வியப்பாகவே இருக்கும்.

துரதிருஷ்டம் என்னவென்றால், அவர்கள் ஆதாரமாகக் கொண்ட அந்தப் பதினாறு வருஷங்கள், அந்நதியின் பல நூற்றாண்டுச் சரித்திரத்திலேயே மிகவும் செழிப்பான வருஷங்களாக அமைந்துவிட்டன. பிற்காலத்துத் திருத்திய கணக்கின்படி, 1906 முதல் 1921 வரை ஆண்டுச் சராசரி 780 டி.எம்.சி.யை எட்டியது. அறியாமையினால் நேர்ந்த பிழை என்று இதை முழுவதும் மன்னித்துவிடவும் முடியாது. அமெரிக்கப் பூகர்ப்ப ஆய்வு ஸ்தாபனத்தைச் சேர்ந்த யூஜின் லாரூ என்ற நீரியல் நிபுணர், நதியில் எல்லோருக்கும் போதுமான நீர் இல்லை என்பதை அக்காலத்திலேயே எடுத்துச் சொன்னார். 1925-இல் அமெரிக்கப் பாராளுமன்றத்தின் முன்பும் சாட்சியம் அளித்தார். எரிக் கூன், ஜான் ஃப்ளெக் என்னும் இருவர் 2019-இல் வெளியிட்ட நூலொன்று, வறண்ட காலங்களின் ஆதாரங்கள் கையில் இருந்தும், பெரிய எண்ணை வைத்துக்கொண்டால்தான் பங்கீடு சுலபமாகும் என்பதற்காகச் சிறிய எண்கள் ஒதுக்கப்பட்டன என்பதை ஆவணங்களின் துணையோடு விரித்துரைக்கிறது. அணை கட்டும் உற்சாகத்தில் இருந்தவர்களிடம் கசப்பான கணக்கைச் சொல்லுகிறவன், எந்தத் தேசத்திலும் அதிக நாள் கேட்கப்படுவதில்லை. லாரூ சொன்னது செவிமடுக்கப்பட்டிருந்தால் இன்றைய வழக்குகளில் பாதி எழுந்திராது என்பது என் அபிப்பிராயம்.

நதியின் சுபாவத்தையும் இவ்விடத்தில் சிறிது சொல்லியாக வேண்டும். ராக்கி மலைகளிலே பிறந்து, சுமார் 2,330 கிலோமீட்டர் தூரம் பாலைநிலங்களினூடே ஓடி, மெக்சிகோவில் கலிபோர்னியா வளைகுடாவைச் சேரவேண்டிய ஆறு இது. அதன் நீரில் பெரும்பங்கு, நூற்றுக்கு எண்பத்தைந்து என்று பொதுவாகச் சொல்வார்கள், நூற்றுக்குப் பதினைந்து பங்கு நிலத்திலிருந்தே, அதாவது உயர்ந்த மலைச்சிகரங்களில் குளிர்காலம் முழுவதும் படிந்து கோடையின் தொடக்கத்தில் உருகும் பனியிலிருந்தே வருகிறது. மேல்பாகத்தில் விழும் மழையும் பனியுமாகிய மொத்த நீரில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான் ஆற்றைச் சேருகிறது. மற்ற ஐந்து பங்கும் மண்ணிலிருந்தும் இலைகளிலிருந்தும் ஆவியாகி ஆகாயத்துக்கே திரும்பிவிடுகிறது. இந்த ஒரு விகிதத்தை வாசகர்கள் மனத்தில் நன்றாக இருத்திக்கொள்ள வேண்டும். ஆகாயம் எடுத்துக்கொள்ளும் அந்த ஐந்து பங்கு சொற்பமாகக் கூடினாலும், ஆற்றுக்கு மிஞ்சும் ஒரு பங்கு பெரிதும் குறைந்துபோகும். பின்னே வரப்போகிற எல்லாவற்றுக்கும் மூலம் இதுவே.

அளவை நிலையங்கள் தோன்றுவதற்கு முன் ஓடிய நீரை அறிவதற்கு வழி காட்டியவர் ஆண்ட்ரு டக்ளஸ் என்ற வானசாஸ்திரி. சூரியனிற் காணும் கரும்புள்ளிகள் பதினோராண்டுக்கு ஒருமுறை பெருகிச் சிறுகும் கிரமத்துக்கும் பூமியின் மழைக்கும் சம்பந்தம் உண்டா என்று தேடப்போன அவர், அதற்குச் சாட்சியாக மரங்களின் ஆண்டு வளையங்களை எடுத்துக்கொண்டார். சூரியனைப் பற்றி அவர் தேடியது உறுதியாகக் கிட்டவில்லை; ஆனால் வறண்ட வருஷத்தில் ஒடுங்கியும் மழை வருஷத்தில் அகன்றும் வளரும் அந்த வளையங்களின் வரிசை ஒரு பிரதேசம் முழுவதும் ஒன்றுபோலவே இருப்பதைக் கண்டு, மர வளைய சாஸ்திரம் என்ற புதியதோர் ஆராய்ச்சித் துறையையே அவர் நிறுவினார். உயிரோடிருக்கும் மரத்தின் உள்வளையங்களைப் பழைய கட்டடங்களின் உத்தரங்களிலுள்ள வெளிவளையங்களோடு பொருத்திப் பொருத்திப் பின்னோக்கிச் சென்று, அதே தென்மேற்குப் பிரதேசத்தில் பூர்வகுடிகள் எழுப்பிய மீசா வெர்டேயின் குன்றுக் குடியிருப்புகளும் புவெப்லோ பொனிட்டோவின் மாளிகையும் எந்தெந்த வருஷத்தில் கட்டப்பட்டன என்பதை 1929-இல் அவர் அறுதியிட்டுச் சொன்னபோது, எழுத்தில்லாத அந்த ஜனசமூகத்தின் சரித்திரத்துக்கே ஒரு பஞ்சாங்கம் கிடைத்தது.

இந்த ஆராய்ச்சியாளர்கள் வேலை செய்யும் முறையைக் கிட்ட இருந்து பார்ப்பது பயனுள்ளது. அவர்கள் ஆற்றங்கரையிலே செழித்து நிற்கும் மரத்தைத் தேடுவதில்லை. என்றும் ஈரத்தில் நிற்கும் மரத்துக்கு வறட்சி தெரியாது; ஆகையால் அது சாட்சிக்கு உதவாது. மண் ஆழமில்லாத, பாறை மலிந்த சரிவுகளிலே, ஒவ்வொரு துளிக்கும் ஏங்கி நின்று நூற்றாண்டுகளைக் கழித்த டக்ளஸ் ஃபர், பின்யோன் பைன் முதலிய மரங்களையே நாடிப் போகிறார்கள். உட்குழலாகிய ஓர் எஃகுத் திருகைக் கையால் மரத்தினுள் முறுக்கிச் செலுத்தி, பட்டையிலிருந்து நடுப்பகுதிவரை பென்சிலைவிட மெல்லிய ஒரு மரக்குச்சியை உருவி எடுப்பார்கள். மரத்துக்கு இதனால் பெரிய கெடுதி இல்லை. அந்தக் குச்சியைப் பள்ளம் வெட்டிய கட்டையிலே ஒட்டி, உப்புத்தாளினால் வளையத்தின் தனித்தனி உயிரணுக்களும் தெரியுமளவுக்குத் தேய்த்து, உருப்பெருக்கியின் கீழ் வைத்து எண்ணுவார்கள். பத்தாண்டுக்கு ஒரு புள்ளி, ஐம்பதாண்டுக்கு இரண்டு, நூற்றாண்டுக்கு மூன்று என்று பென்சிலால் குறியிட்டுக்கொண்டே போவார்கள். மிகக் கொடிய வறட்சியில் மரம் வளையமே இடாமல் ஒரு வருஷத்தைத் தாண்டிவிடுவதும் உண்டாகையால், பல மரங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, விடுபட்ட வருஷங்களைக் கண்டு சேர்ப்பார்கள். பிறகு, அளவை நிலையங்கள் உள்ள காலத்து வளையங்களையும் ஆற்றுவரத்தையும் ஒப்பிட்டு, இரண்டுக்கும் உள்ள உறவைக் கணிதரீதியாக நிர்ணயித்து, அந்த உறவைக்கொண்டு பழங்காலத்து வரத்தை மதிப்பிடுவார்கள். மலைச்சரிவில் உருகும் ஒரே பனிதான் மரத்தின் வேருக்கும் ஆற்றின் மடிக்கும் போகிறது என்பதே இம்முறைக்கு ஆதாரமான உண்மை.

இந்த முறையினாலே 1976-இல் சார்லஸ் ஸ்டாக்டனும் கார்டன் ஜேக்கபியும் வெளியிட்ட முடிவு, நதியின் நீண்டகாலச் சராசரி 588 டி.எம்.சி. அளவுதான் என்றும், ஒப்பந்தத்துக்கு ஆதாரமாய் இருந்த வருஷங்கள் நூற்றாண்டுகளில் அபூர்வமாக நேரும் ஈரமான காலம் என்றும் காட்டியது. முப்பதாண்டு கழித்துக் கானி உட்ஹவுஸ் முதலியோர் மேலும் திருந்திய ஆதாரங்களைக் கொண்டு அந்தச் சராசரியைச் சுமார் 640 டி.எம்.சி. என்று சற்று உயர்த்தினார்கள்; ஆனாலும் ஏட்டில் எழுதிய 719-ஐ எந்த ஆராய்ச்சியும் எட்டவில்லை. 2007-இல் டேவிட் மெக்கோவும் சகாக்களும் கி.பி. 762 வரை பின்னோக்கிச் சென்று, பன்னிரண்டாம் நூற்றாண்டின் நடுவிலே, 1130 முதல் 1154 வரையுள்ள இருபத்தைந்து வருஷங்களில், நதியின் வரத்து தற்காலச் சராசரியில் நூற்றுக்கு எண்பத்து நான்குக்கும் கீழே விழுந்து கிடந்தது என்று கண்டறிந்தார்கள். நிறைவான வருஷம் ஒன்றுகூட இடையே வந்து தேற்றாத நெடும் வறட்சி அது.

மனிதன் ஆலைப்புகையை வானிலே விடாத அக்காலத்திலேயே இத்தகைய வறட்சி நேர்ந்தது என்பதைச் சிலர் எடுத்துக்காட்டி, ஆகையால் இன்றைய வறட்சியும் இயற்கையின் ஏற்றத்தாழ்வுதான், கவலைக்கு இடமில்லை என்று வாதிக்கிறார்கள். இந்த வாதம் தலைகீழானது. இயற்கையாகவே இவ்வளவு கடுமைக்கு இடமுள்ள ஒரு நதியின்மீது, அந்தக் கடுமைக்கு மேலாக ஒரு புதிய சுமை ஏற்றப்படுகிறது என்பதல்லவா அதிலிருந்து பெறப்படும் முடிவு? பன்னிரண்டாம் நூற்றாண்டின் வறட்சியிலே மழை பொய்த்தது. உஷ்ணம் இன்றுள்ள அளவில் இல்லை. அதே அளவு மழைக்குறைவு இனி ஒரு தடவை நேருமானால், ஆறு அன்று குறைந்ததைவிட அதிகமாகவே குறையும்.

உஷ்ணம் ஆற்றைக் குறைக்கும் விதத்தை இனி விவரிக்கலாம். நதியின் மேல்பாகத்தில் கடந்த ஒரு நூற்றாண்டில் சராசரி வெப்பநிலை ஒரு டிகிரிக்கு மேல் உயர்ந்துவிட்டது. வெப்பமடைந்த காற்று அதிக ஆவியைத் தாங்க வல்லது. ஆகையால் அனற்காற்றில் போட்ட ஈர வேட்டி சீக்கிரம் உலர்வதுபோல மண்ணும் தழையும் முன்னிலும் வேகமாக உலருகின்றன. ஆனால் இது கதையின் ஒரு பாகமே. அமெரிக்கப் பூகர்ப்ப ஆய்வு ஸ்தாபனத்தைச் சேர்ந்த கிறிஸ் மிலியும் கிரிஸ்டா டன்னும் 2020-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, முக்கியமான காரணம் பனியின் வெண்மையிலே இருக்கிறது என்று காட்டியது. வெண்பனி மூடிய மலை, தன்மேல் விழும் சூரிய கிரணங்களில் பெரும்பகுதியை வானத்துக்கே திருப்பி அனுப்பிவிடுகிறது. உஷ்ணத்தினால் பனி முன்னதாகவே உருகி மண் வெளிப்பட்டுவிட்டால், அதே கிரணங்களை இருண்ட மண் உள்வாங்கிக்கொள்கிறது. உள்வாங்கிய சக்தி நீரை மேலும் ஆவியாக்க உதவுகிறது. ஒரு டிகிரி உஷ்ணம் ஏறினால் ஆற்றின் ஆண்டு வரத்தில் நூற்றுக்கு 9.3 பங்கு குறையும் என்பது அவர்களுடைய கணிப்பு. இரண்டு டிகிரிக்கு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடும்.

இதனோடு வேறொரு துணைக்காரணமும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து மந்தைகள் மேய்ந்தும் நிலம் கிளறப்பட்டும் மேற்பரப்புச் சிதைந்த பாலைநிலத்திலிருந்து எழும் செம்புழுதி, வசந்தகாலக் காற்றில் பறந்து மலைப்பனியின்மேல் படிகிறது. வெண்மை மங்கிய பனி ஏறக்குறைய மூன்று வாரம் முன்னதாகவே உருகிவிடுகிறது. ஆண்டு வரத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவு இதனாலேயே நஷ்டமாகிறது என்று தாமஸ் பெயின்டர் முதலியோர் 2010-இல் கணக்கிட்டார்கள்.

முன்னதாக உருகுவதனால் செடிகொடிகளின் வளர்பருவமும் நீளுகிறது. நீண்ட கோடையில் உலர்ந்துபோன மண், அடுத்த வசந்தத்தில் உருகிவரும் நீரைத் தான் முதலிற் குடித்து நிறைந்த பிறகுதான் ஆற்றுக்கு விடுகிறது. 2021-ஆம் ஆண்டிலே இது பிரத்தியட்சமாகத் தெரிந்தது. அந்த வருஷம் மலைகளில் படிந்த பனி இயல்பான அளவில் முக்கால் பங்குக்கும் மேல் இருந்தது. ஆனால் லீ ஃபெரிக்கு மேலேயுள்ள பவல் நீர்த்தேக்கத்துக்கு வந்து சேர்ந்த நீரோ இயல்பில் மூன்றில் ஒரு பங்கு அளவே. மேலே பெய்தது கீழே வரவில்லை. மழையளவைப் பார்த்து வறட்சியைத் தீர்மானிக்கும் பழைய வழக்கம் இனிச் செல்லாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பிரமாணம் வேண்டுவதில்லை.

பிராட் உடாலும் ஜொனாதன் ஓவர்பெக்கும் 2017-இல் செய்த கணிப்பும் இதையே வேறு வழியில் உறுதிப்படுத்தியது. 2000 முதல் 2014 வரை நதியின் வரத்து, இருபதாம் நூற்றாண்டின் சராசரியைவிட நூற்றுக்கு 19 பங்கு குறைந்திருந்தது. அந்தக் குறைவில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு, மழையோடு சம்பந்தமின்றி, உஷ்ணமே காரணம். பார்க் வில்லியம்ஸ் முதலியோர் 2022-இல் மர வளையங்களையும் மண்ணீரக் கணக்குகளையும் இணைத்துப் பார்த்தபோது, வட அமெரிக்காவின் தென்மேற்குப் பிரதேசத்தில் 2000 முதல் 2021 வரையுள்ள இருபத்திரண்டு வருஷங்களுக்கு இணையான வறட்சி கி.பி. 800-க்குப் பிறகு நேர்ந்ததே இல்லை என்றும், மண் வறண்டதில் நூற்றுக்கு 42 பங்கு மனிதனால் விளைந்த காலநிலை மாற்றத்தைச் சார்ந்தது என்றும் தெரிந்தது. வருங்காலத்தில் அம்மலைகளில் மழை கூடுமா குறையுமா என்பதிலே கணிப்புகளுக்குள் ஒற்றுமை இல்லை. உஷ்ணம் ஏறும் என்பதிலோ அபிப்பிராய பேதமே கிடையாது. கூடினாலும் கூடக்கூடிய மழையை நம்பிக் காத்திருப்பது, உறுதியான செலவுக்கு எதிராக உறுதியற்ற வரவை வைத்துக் குடும்பம் நடத்துவதாகும்.

இந்தச் செலவுகளின் பலனை மீட் நீர்த்தேக்கத்தின் கரையிலே காணலாம். மேட்டூர் அணை பூர்த்தியான மறுவருஷமாகிய 1935-இல் திறந்துவைக்கப்பட்ட ஹூவர் அணையினால் உண்டான அந்நீர்த்தேக்கம், நிறைந்தால் பன்னிரண்டு மேட்டூர்களுக்கும் மேற்பட்ட நீரைக் கொள்ளும். அதன் நீர் ஏறி வந்தபோது, மார்மன் மதத்தவர் 1865-இல் குடியேறி வாழ்ந்த செயின்ட் தாமஸ் என்ற சிற்றூர் 1938-இல் மூழ்கிப்போயிற்று. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நீர் பின்வாங்கவே, அந்த ஊர் மறுபடி வெளியே வந்தது. பள்ளிக்கூடத்தின் அடித்தளமும், இடிந்த புகைபோக்கியும், தெருவோரத்தில் வரிசையாக நின்ற மரங்களின் வெறும் அடிக்கட்டைகளுமாக, உப்பும் வண்டலும் படிந்த சமவெளியில் அது இப்போது வெயிலிலே கிடக்கிறது. சுற்றிலுமுள்ள பாறைகளில், நீர் முன்பு நின்ற உயரத்தைக் காட்டும் சுண்ணப் படிவம் ஏறக்குறைய ஐம்பது மீட்டர் அகலமுள்ள வெள்ளைப் பட்டையாகத் தெரிகிறது. 1999-இல் கிட்டத்தட்ட நிறைந்திருந்த அந்நீர்த்தேக்கம், 2022 ஜூலையில் கொள்ளளவில் நூற்றுக்கு 27 பங்காகக் குறைந்து, கடல்மட்டத்துக்கு மேல் 1,040 அடியில் நின்றது. 950 அடிக்குக் கீழே மின்சாரம் எடுக்க இயலாது. 895 அடிக்குக் கீழே அணையைத் தாண்டி ஒரு சொட்டும் போகாது. 2023-இல் கனத்த பனி பெய்து மட்டம் சிறிது உயர்ந்தது உண்மைதான். ஒரு நல்ல வருஷம் கால் நூற்றாண்டின் குறையைத் தீர்க்கவில்லை.

இவ்வளவும் இயற்கையின் கணக்கு. இனி நியாயத்தின் கணக்கைப் பார்க்க வேண்டும். 1922 ஒப்பந்தத்திலே ஒரு பிரிவு இருக்கிறது. தொடர்ந்த எந்தப் பத்து ஆண்டிலும் லீ ஃபெரியைக் கடந்து செல்லும் நீர் 750 லட்சம் ஏக்கர்-அடிக்கு, அதாவது 3,267 டி.எம்.சி.க்குக் குறையும்படி மேல்பாகத்து ராஜ்யங்கள் செய்யலாகாது என்பது அதன் சாரம். மேலே உள்ளவர்கள் அளவுக்கு மீறி எடுத்துக்கொள்ளாதபோதும், வெயில் எடுத்துக்கொண்டதனால் அந்த அளவு குறைந்தால், குற்றம் யாருடையது? நஷ்டத்தை யார் ஏற்பது? ஒப்பந்தம் எழுதியவர்களின் மனத்தில் இக்கேள்வி எழவேயில்லை. ஏனென்றால் ஆறு தானாகக் குறையும் என்று அவர்கள் நினைக்கவில்லை.

கீழ்பாகத்திலோ, முதலில் எடுத்தவனுக்கே முதல் உரிமை என்ற விதி ஆளுகிறது. கலிபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கு மட்டும் ஆண்டுக்கு 135 டி.எம்.சி.க்கு உரிமை படைத்தது. அரிசோனா ராஜ்யம் முழுவதற்கும் உள்ள பங்கைவிட இது அதிகம். அரிசோனாவோ, ஹவாசு ஏரியிலிருந்து டூசான் வரை 540 கிலோமீட்டர் நீளமுள்ள கால்வாயை வெட்டிக்கொள்ள மத்திய அரசின் பணம் வேண்டியிருந்ததால், பற்றாக்குறை நேருமானால் அந்தக் கால்வாயின் நீரே முதலில் வெட்டுப்படும் என்ற நிபந்தனைக்கு 1968-இல் இசைந்தது. 2021 ஆகஸ்டில் வரலாற்றிலே முதன்முறையாகப் பற்றாக்குறை பிரகடனம் செய்யப்பட்டபோது அந்த நிபந்தனை உயிர்பெற்றது. மறுவருஷம் அரிசோனா இழந்த 22 டி.எம்.சி.யில் பெருஞ்சுமை பினால் மாவட்டத்து விவசாயிகளின் தலைமேல் விழுந்தது. வயல்களைத் தரிசாகப் போட்டவர்களும், மீண்டும் நிலத்தடி நீரைத் தோண்டப் போனவர்களும் அவர்களே.

நீர் எங்கே செலவாகிறது என்ற கேள்விக்குப் பட்டணங்களைக் காட்டுவது பொதுவழக்கம். ஆனால் அது அநியாயம். சூதாட்ட விடுதிகளுக்கும் நீரூற்றுகளுக்கும் பேர்போன லாஸ் வேகாஸ் அடங்கிய நெவாடாவின் பங்கு 13 டி.எம்.சி. மட்டுமே. வீட்டுக்குள் உபயோகித்த நீரைச் சுத்திகரித்து மீட் நீர்த்தேக்கத்துக்கே திருப்பியும், அலங்காரப் புல்தரைகளைப் பெயர்த்தும், இருபதாண்டில் ஜனத்தொகை ஏழு லட்சத்துக்கு மேல் பெருகியும் அந்நகரம் தன் செலவைக் குறைத்துக் காட்டியிருக்கிறது. மனிதர் எடுக்கும் நீரில் முக்கால் பங்கு பாசனத்துக்குப் போகிறது. குதிரைமசால் முதலிய மாட்டுத்தீவனப் பயிர்கள் மாத்திரமே மொத்தத்தில் பாதிக்குச் சற்றுக் குறைந்த பங்கை உறிஞ்சுகின்றன. குதிரைமசாலோ ஆண்டில் பலமுறை அறுவடையாகிக் காசாகும் பயிர். அதைப் பயிரிடும் விவசாயியைக் குறை சொல்வது சுலபம், அவனுக்கு வேறு வழி காட்டுவது கடினம். நீரைக் குறைக்கச் சொல்லும் அரசு அவனுக்கு ஈடு கொடுக்கவும் கடமைப்பட்டது.

பங்கீட்டில் இடமே பெறாதவர்களைப் பற்றிச் சொல்லும்போது மனம் வருந்துகிறது. நதிப்படுகையிலே முப்பது பூர்வகுடிச் சமூகங்கள் இருக்கின்றன. 1908-இல் உச்ச நீதிமன்றம் அளித்த விண்டர்ஸ் தீர்ப்பின்படி, ஒதுக்கிய நிலத்தோடு அதற்கு வேண்டிய நீரும் அவர்களுக்கு ஒதுக்கப்பட்டதாகவே பொருள். அந்த உரிமை ஒப்பந்தத்துக்கும் முந்தியது. ஆனாலும் 1922-இல் அவர்களில் ஒருவரும் அழைக்கப்படவில்லை. ஒரே ஒரு வாக்கியத்தோடு ஒப்பந்தம் அவர்களைக் கடந்துபோயிற்று. இன்றும் நவஹோ மக்களின் வீடுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது. நதியைத் தங்கள் எல்லையிலே காணும் அம்மக்களுக்கு நீர் பெற்றுத்தர அரசு தானே முன்வந்து நடவடிக்கை எடுக்க, அவர்களோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி கடமைப்பட்டதில்லை என்று 2023-இல் அதே நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

கடைமடையாகிய மெக்சிகோவின் நிலையும் இப்படியே. ஒப்பந்தம் கையொப்பமான அதே 1922-இல், வனவியல் அறிஞர் ஆல்டோ லியோபால்டு தம் சகோதரரோடு ஒரு படகிலே டெல்டாவுக்குள் சென்று, பசுமையான தடாகங்களும் பறவைக் கூட்டங்களும் நிறைந்த பெரும் சதுப்புக் காட்டைக் கண்டார். பிற்காலத்தில் அதை நினைந்து எழுதியும் வைத்தார். 1960-களுக்குப் பிறகு ஆறு சமுத்திரத்தை அடைவது அபூர்வமாகிவிட்டது. இரு தேசங்களும் உடன்பட்டு 2014 மார்ச்சு மாதத்தில் சில வாரம் மதகைத் திறந்துவிட்டபோது, ஆறு மணற்படுகையில் ஊர்ந்து ஊர்ந்து மே மாதத்தில் கடலைத் தொட்டது. காய்ந்த படுகையில் நீர் வரும் காட்சியைக் காண ஊர் ஜனங்கள் திரண்டார்கள். அதுவரை தம் ஆற்றில் நீரையே பார்த்திராத குழந்தைகளும் அவர்களுக்குள் இருந்தார்கள்.

இதற்குப் பரிகாரம் என்ன? சென்ற காலத்தின் சராசரி வருங்காலத்துக்கும் பொருந்தும் என்ற கொள்கை செத்துவிட்டது என்று 2008-லேயே மேற்சொன்ன மிலியும் வேறு சில நீரியல் அறிஞர்களும் பகிரங்கமாக எழுதினார்கள். அந்தக் கொள்கை செத்துவிட்டால், அதன்மேல் எழுதிய நிலையான எண்களும் கூடவே செத்தவைதாம். ஆச்சரியம் என்னவென்றால், சரியான வழியைக் கொலராடோ நதிக்கரையிலேயே எழுபத்தைந்து ஆண்டுக்கும் முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். மேல்பாகத்து ராஜ்யங்கள் 1948-இல் தங்களுக்குள் வேறோர் ஒப்பந்தம் செய்துகொண்டபோது, எவ்வளவு நீர் மிஞ்சும் என்பது நிச்சயமில்லாமையால், அரிசோனாவின் மூலையிலுள்ள சிறு பகுதிக்கு உரிய அற்ப அளவு தவிர, மற்றதை எண்ணாக எழுதாமல் வீதமாக எழுதினார்கள்: கொலராடோவுக்கு நூற்றுக்கு 51.75, யூட்டாவுக்கு 23, வயோமிங்குக்கு 14, நியூ மெக்சிகோவுக்கு 11.25. ஆறு பெருகினால் எல்லோருக்கும் பெருகும், சுருங்கினால் எல்லோருக்கும் சுருங்கும். வறட்சியாண்டில் பங்குகளை விகிதாசாரப்படி குறைத்துக்கொள்ள வேண்டும் என்று காவிரி நடுவர் மன்றம் 2007-இல் சொன்னதும் இந்த நியாயத்தையே தழுவியது.

மீட், பவல் ஆகிய இரு நீர்த்தேக்கங்களையும் ஆளும் 2007-ஆம் ஆண்டின் விதிகள் 2026-ஆம் ஆண்டு வரைக்கே ஏற்பட்டவை. அவற்றுக்குப் பின் எழுதப்படும் ஒப்பந்தம், மேல்பாகம் கீழ்பாகம் என்ற பேதமின்றி, அந்தந்தச் சமயத்துக்கு முந்திய சில வருஷங்களில் ஆறு மெய்யாகக் கொண்டுவந்த நீரில் இத்தனை வீதம் என்று எழுதப்பட வேண்டும். பூர்வகுடிகளின் பங்கும் டெல்டாவின் பங்கும் மற்றவர்கள் எடுத்து மிஞ்சியதிலிருந்தன்றி, முதலிலேயே அந்த வீதத்துக்குள் வைக்கப்பட வேண்டும். 719 டி.எம்.சி. என்ற எண்ணை இனி எவரும் எந்த ஆவணத்திலும் ஆதாரமாகக் கொள்ளலாகாது.